உலகம் எண்ணாகும் இடம்

2025 மார்ச் 5ஆம் தேதி புதுடெல்லியில் ஒரு சிறிய கைமாற்றம் நடந்தது. மத்திய மின்னணுவியல், தகவல் தொழில்நுட்பத் துறையின் செயலர் எஸ். கிருஷ்ணன், இஸ்ரோ தலைவர் வி. நாராயணனிடம் விக்ரம் 3201, கல்பனா 3201 என்னும் இரண்டு நுண்செயலிகளின் முதல் உற்பத்தித் தொகுதியை ஒப்படைத்தார். இரண்டும் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் வடிவமைக்கப்பட்டு, மொஹாலியில் உள்ள குறைக்கடத்தி ஆய்வகத்தோடு சேர்ந்து உருவாக்கப்பட்டவை. இரண்டும் 32 பிட் செயலிகள். அதே ஆண்டு செப்டம்பரில், செமிகான் இந்தியா மாநாட்டில் விக்ரம் சில்லு பிரதமர் கையில் கொடுக்கப்பட்டபோது நாடு முழுவதும் அதன் படம் பரவியது.

மார்ச் மாதத்து அந்த நாளில் இன்னும் நான்கு சில்லுகளும் கைமாறின. தலைப்புச் செய்திகளில் அவற்றுக்கு இடம் கிடைக்கவில்லை. ராக்கெட்டின் உணரிகளிலிருந்து அளவுகளைத் திரட்டும் சில்லில் இரண்டு வடிவங்கள், ரிலேக்களை இயக்கும் சில்லு ஒன்று, பல தடங்களில் நிலையான மின்னழுத்தம் வழங்கும் சீராக்கி ஒன்று. இந்தக் கட்டுரை முக்கியமாக அந்த நான்கைப் பற்றியது. செயலியைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் ஒரு நாட்டின் சில்லுத் திறமையை நானோமீட்டர் கணக்கிலும் மெகாஹெர்ட்ஸ் கணக்கிலும் மட்டுமே அளந்து பழகிவிட்டோம். அந்த அளவுகோலில் அகப்படாத பெரும் திறமை ஒன்று அனலாக் வடிவமைப்பில் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் அதைக் கண்ணெதிரே பார்க்கலாம்.

ராக்கெட் எழும்போது அதற்குள் நடப்பது எதுவும் எண்ணாக நடப்பதில்லை. வலியமலையில் உள்ள திரவ உந்துவிசை மையம் உருவாக்கும் கிரையோஜெனிக் கட்டத்தில் திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி செல்சியஸில் இருக்கிறது, திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியில். எரியறையில் அழுத்தம் ஏறுகிறது, குழாய் அதிர்கிறது, உலோகச் சுவர் சூடாகிறது. ஒவ்வொன்றையும் ஓர் உணரி மெல்லிய மின்னழுத்தமாக மாற்றித் தருகிறது. மிக மெல்லியது. கே வகைத் தெர்மோகப்பிள் என்னும் வெப்ப உணரியில் ஒரு டிகிரி மாற்றத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட். அழுத்தத்தை அளக்கும் விகாரமானிப் பாலம், முழு அழுத்தம் தாக்கினாலும் சில பத்து மில்லிவோல்ட்தான் தரும். தொட்டுக்கொண்டு பக்கத்தில் ஓடும் கம்பிகளில் மோட்டார்களுக்கும் வால்வுகளுக்குமான மின்சாரம் பாய்கிறது. இந்த அமளிக்கு நடுவே அந்த முணுமுணுப்பைக் கேட்டு, அதை எண்ணாக எழுதித் தரவேண்டும். அதைச் செய்யும் சுற்றுக்கு அனலாக்-டிஜிட்டல் மாற்றி என்று பெயர். விக்ரம் மையத்தின் தரவுத் திரட்டுச் சில்லில் இத்தகைய 24 பிட் சிக்மா-டெல்டா மாற்றிகள் பல ஒரே சிலிக்கன் துண்டில் அமர்ந்திருக்கின்றன.

24 பிட் என்றால் 1,67,77,216 படிகள். 5 வோல்ட்டை அத்தனை படிகளாகப் பிரித்தால் ஒரு படி 0.3 மைக்ரோவோல்ட்டுக்கும் குறைவு. இங்கே இயற்கை குறுக்கே நிற்கிறது. எந்தப் பொருளிலும் அணுக்கள் வெப்பத்தால் ஆடிக்கொண்டே இருக்கின்றன, அந்த ஆட்டம் மின்னிரைச்சலாக வெளிப்படுகிறது. 1 பிகோஃபாரட் மின்தேக்கியில் ஓர் அளவைப் பிடித்து வைத்தால், அறை வெப்பநிலையில் அதன்மேல் 64 மைக்ரோவோல்ட் அளவுக்கு வெப்ப இரைச்சல் ஏறியிருக்கும். அதாவது இருநூறு படிகளுக்கு மேல். எவ்வளவு கெட்டிக்காரப் பொறியாளரும் இதைத் தவிர்க்க முடியாது. இது வெப்ப இயக்கவியலின் விதி. ஆகவே ஒரே பார்வையில் 24 பிட் அளக்க வழியில்லை. பலமுறை பார்க்க வேண்டும், பார்த்தவற்றைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அப்படியும் கடைசிச் சில பிட்டுகள் இரைச்சலில் ஆடிக்கொண்டேதான் இருக்கும். இந்தத் துறையில் இருப்பவர்கள் ‘24 பிட்’ என்ற பெயரையும், உண்மையில் நம்பத்தக்க பிட்டுகளையும் தனித்தனியாகவே பேசுவார்கள்.

சிக்மா-டெல்டா முறையை விளக்க ஒரு பால் கணக்கு போதும். வீட்டுக்கு தினமும் 37 ரூபாய்க்குப் பால் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கொடுப்பதற்கு நூறு ரூபாய்த் தாள் மட்டுமே உண்டு, சில்லறையே கிடையாது. பால்காரர் பாக்கியை மனதில் வைத்துக்கொள்கிறார். முதல் நாள் 37, இரண்டாம் நாள் 74. இரண்டு நாளும் பணம் கைமாறவில்லை. மூன்றாம் நாள் 111 ஆகிறது. ஒரு தாள் கொடுக்கிறோம், 11 பாக்கி நிற்கிறது. இப்படியே போனால் தினசரிக் குறிப்பேட்டில் ‘இல்லை, இல்லை, உண்டு’ என்று ஒரு வரிசை நீளும். ஒரு நாளை மட்டும் எடுத்துப் பார்த்தால் அந்தக் குறிப்பு மிகவும் கரடுமுரடானது. ஒன்று நூறு, இல்லாவிட்டால் சுழியம். ஆனால் நூறு நாள் கழித்து எண்ணினால் சரியாக 37 தாள்கள் போயிருக்கும். பிழையைத் தூக்கி எறியாமல் அடுத்த நாளுக்கு எடுத்துச் சென்றதால்தான் சராசரி துல்லியமானது.

சிக்மா-டெல்டா மாற்றி செய்வதும் இதுதான். பாக்கியைச் சேர்த்து வைப்பது தொகைச் சுற்று. நூறு ஆயிற்றா என்று பார்ப்பது ஒப்பீட்டுச் சுற்று. தாளைக் கழிப்பது பின்னூட்டம். வெறுமனே மாதிரிகளைப் பெருக்கிச் சராசரி பார்த்தால், வேகத்தை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் அரை பிட் துல்லியம்தான் கூடும். பாக்கியை எடுத்துச் செல்லும் உத்தியைச் சேர்த்தால் ஒன்றரை பிட் கூடுகிறது. பாக்கியின் பாக்கியையும் கணக்கில் கொள்ளும் இரண்டாம் படி அமைப்பில் இரண்டரை பிட். பிழை மறைந்துவிடவில்லை. உணரியின் சைகை இல்லாத உயர் அதிர்வெண் பகுதிக்கு அது தள்ளிவிடப்படுகிறது. பிறகு ஒரு டிஜிட்டல் வடிகட்டி அந்தப் பகுதியை வெட்டி எறிகிறது.

இதை 1962இல் டோக்கியோவில் இனோசே, யாசுடா, முராகாமி ஆகிய மூவர் ஒரு கட்டுரையில் முன்வைத்தார்கள். அந்தக் கட்டுரை வெளியானது விண்வெளி மின்னணுவியலுக்கும் தொலைஅளவைக்குமான அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில். தலைப்பிலேயே தொலைஅளவை என்ற சொல் இருந்தது. மறு ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அன்று அந்த யோசனையைச் சில்லாக்கும் வசதி உலகில் யாரிடமும் இல்லை. டிஜிட்டல் வடிகட்டிக்கு வேண்டிய டிரான்சிஸ்டர்கள் மலிவாகும்வரை அது காத்திருக்க வேண்டியிருந்தது. அனலாக் பகுதியை எளிமையாக்கி, பாரத்தை டிஜிட்டல் பக்கம் ஏற்றுவதுதான் இதன் சாரம். கடந்த நாற்பது ஆண்டுச் சில்லு வடிவமைப்பின் பெரும்போக்கும் இதுவே.

ஆனால் பாரத்தை முழுவதுமாக ஏற்றிவிட முடியாது. முதலில் வரும் தொகைச் சுற்று அனலாக்தான். அது தவறு செய்தால் எந்த வடிகட்டியாலும் மீட்க முடியாது. டிஜிட்டல் சுற்றுக்கு டிரான்சிஸ்டர் ஒரு சுவிட்ச். சிறிதாக்கினால் வேகம் கூடும், விலை குறையும். அனலாக் சுற்றுக்கோ இரண்டு டிரான்சிஸ்டர்கள் இரட்டைப் பிள்ளைகள்போல ஒத்திருக்க வேண்டும். நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய மார்செல் பெல்க்ரோம் 1989இல் இதற்கு ஒரு விதி தந்தார். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு டிரான்சிஸ்டர்களின் வேறுபாட்டைப் பாதியாக்க வேண்டுமானால், அவற்றின் பரப்பளவை நான்கு மடங்காக்க வேண்டும். நுணுக்கமாகச் செதுக்கும் தொழில்நுட்பம் வந்துவிட்டது என்பதற்காக இந்தக் கணக்கு மாறிவிடாது. அதோடு சிறிய டிரான்சிஸ்டர் தாங்கும் மின்னழுத்தமும் குறைகிறது. மொஹாலி ஆய்வகத்தின் 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் 1.8 வோல்ட்டும், வெளித்தொடர்புச் சுற்றுகளில் 3.3 வோல்ட்டும் கிடைக்கும். இன்றைய முன்னணித் தொழில்நுட்பத்தில் 1 வோல்ட்கூடக் கிடைப்பதில்லை. மெல்லிய சைகையை அளக்க நினைப்பவருக்கு அது குறுகிய சந்து.

ஆகவேதான் 180 நானோமீட்டர் என்றதும் முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆம், அது 1999இல் பென்டியம் 3 செயலி வந்த தலைமுறை. கைப்பேசிச் செயலிக்கு அது உதவாது. உணரியின் குரலைக் கேட்கும் சில்லுக்கு அது வசதியான வீடு. கதிர்வீச்சுக் கணக்கிலும் அதற்கு ஓர் ஆறுதல் உண்டு. விண்ணிலிருந்து வரும் துகள் ஒன்று நினைவகச் சிற்றறையைத் தாக்கினால், அங்கே தேங்கியிருக்கும் மின்னூட்டம் அதிகமாக இருக்கும்போது பிட் புரண்டுபோகும் வாய்ப்பு குறைவு. அதை மட்டும் நம்பி யாரும் இருப்பதில்லை. பிழைதிருத்தக் குறியீடு, மூன்று பிரதி வைத்துப் பெரும்பான்மை பார்ப்பது, டிரான்சிஸ்டர்களைச் சுற்றிக் காப்பு வளையம் இடுவது என்று வடிவமைப்பிலேயே அரண்கள் கட்டுகிறார்கள்.

சீராக்கிச் சில்லைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. விக்ரம் 3201 மைனஸ் 55 முதல் 125 டிகிரிவரை வேலை செய்ய வேண்டிய செயலி. அப்படிப்பட்ட செயலிக்கும் அளக்கும் சுற்றுக்கும் மின்சாரம் தரும் சீராக்கியும் அந்த வெப்பநிலை முழுவதும் அசையாத மின்னழுத்தம் தரவேண்டும். எதை வைத்து அசையவில்லை என்று தெரிந்துகொள்வது? சிலிக்கனில் வெப்பத்துக்கு மாறாத பொருளே கிடையாது. ஒரு டையோடின் மின்னழுத்தம் டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் இறங்கும். 180 டிகிரி வீச்சில் அது 360 மில்லிவோல்ட். அறை வெப்பநிலையில் அந்த டையோடின் மொத்த மின்னழுத்தமே 650 மில்லிவோல்ட் அளவுதான் என்பதை நினைத்தால் இறக்கத்தின் கனம் தெரியும். ஆனால் அளவில் வேறுபட்ட இரண்டு டையோடுகளில் ஒரே மின்னோட்டத்தைச் செலுத்தினால், அவற்றின் மின்னழுத்த வித்தியாசம் வெப்பத்தோடு ஏறுகிறது. எட்டுக்கு ஒன்று என்ற அளவு விகிதத்தில் அறை வெப்பநிலையில் அந்த வித்தியாசம் 54 மில்லிவோல்ட், டிகிரிக்கு 0.18 மில்லிவோல்ட் ஏற்றம். அதைப் பதினொரு மடங்கு பெருக்கி முதல் டையோடோடு சேர்த்தால் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. எஞ்சி நிற்பது ஏறத்தாழ 1.2 வோல்ட். சிலிக்கன் என்ற பொருளின் சொந்த எண் அது. இந்த ‘பேண்ட்கேப்’ சுற்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ராபர்ட் வைட்லர், 1970களின் தொடக்கத்தில். பொறியியலில் நான் மிகவும் நேசிக்கும் யோசனைகளில் இது ஒன்று. நம்ப முடியாத இரண்டை எதிரெதிராக நிறுத்தி நம்பத்தகுந்த ஒன்றைப் பெறுகிறார்கள்.

காகிதத்தில் இது சுலபம். சிலிக்கனில் அந்த எட்டு டையோடுகளும் ஒன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். சில்லின் ஒரு மூலை இன்னொரு மூலையைவிடச் சூடாக இருந்தாலும், அச்சிடும்போது ஒரு பக்கம் இம்மியளவு தடித்தாலும் கணக்கு கெட்டுவிடும். ஆகவே நடுவில் ஒன்றை வைத்துச் சுற்றிலும் எட்டை வைத்து, எல்லாவற்றின் மையமும் ஒரே புள்ளியில் விழும்படி அடுக்குகிறார்கள். ஓரத்தில் வேலையே செய்யாத வெற்று டையோடுகளை நிறுத்துகிறார்கள், அக்கம்பக்கம் எல்லோருக்கும் ஒன்றுபோல இருக்கட்டும் என்று. பார்த்தால் புள்ளிக் கோலம்தான். டிஜிட்டல் வடிவமைப்பு இன்று பெருமளவு தானியங்கி. நடத்தையை வெரிலாக் மொழியில் எழுதினால் மென்பொருளே கதவுகளாக மாற்றி, இடம் ஒதுக்கி, கம்பி இழுத்துவிடும். அனலாக் வடிவமைப்பில் இந்தக் கோலத்தை இன்னும் பெரும்பாலும் கையால்தான் போடுகிறார்கள். பெர்க்லியில் 1973இல் வந்த ஸ்பைஸ் மென்பொருளின் வழித்தோன்றல்களில் ஓட்டிப் பார்த்து, திருத்தி, மறுபடி ஓட்டுகிறார்கள். இரண்டும் ஒரே சில்லில் இருந்தால் சிக்கல் கூடும். டிஜிட்டல் பகுதியின் ஒவ்வொரு துடிப்பும் அடித்தளச் சிலிக்கன் வழியே அனலாக் பகுதியை உலுக்கும். பொதுச்சுவர் வீட்டில் பக்கத்து வீட்டார் உரல் இடிக்கும்போது இந்தப் பக்கம் நகைத் தராசில் நிறை பார்ப்பது போன்ற நிலை.

இப்போது செயலிக்கு வருவோம். 16 பிட் எண்ணில் குறிகளோடு சேர்த்து மைனஸ் 32,768 முதல் 32,767 வரைதான் எழுத முடியும். 32,767க்கு மேல் ஒன்று கூட்டினால் எண் தலைகீழாகப் புரண்டு மறுகோடிக்குப் போய்விடும். 1993 செப்டம்பர் 20ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்த முதல் பி.எஸ்.எல்.வி., ஐ.ஆர்.எஸ்.-1இ செயற்கைக்கோளோடு கடலில் விழுந்தது. இரண்டாம், மூன்றாம் கட்டங்கள் பிரியும்போது எதிர்பாராத அசைவு ஏற்பட்டது. அதைத் திருத்த வந்த கட்டளை உச்ச வரம்பைத் தாண்டியது. அந்த நிலையைக் கையாள வேண்டிய மென்பொருளில் பிழை இருந்தது. மூன்றாண்டு கழித்து, 1996 ஜூன் 4இல், ஐரோப்பாவின் முதல் ஆரியன் 5 ராக்கெட்டும் எண்ணின் எல்லையால்தான் வீழ்ந்தது. 64 பிட் மிதவைப்புள்ளி எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணுக்குள் திணிக்க முயன்றபோது அது அடங்கவில்லை.

ஆரியன் கதையில் நாம் கவனிக்க வேண்டியது அடுத்த அடுக்கு. அந்த நிரல் ஏடா மொழியில் எழுதப்பட்டது. ஓர் எண் எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிவிக்க அந்த மொழி இடம் தருகிறது. ஆனாலும் அந்த இடத்தில் காப்பு போடாமல் விட்டிருந்தார்கள். கணினியின் வேலைப்பளு 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு அதற்கு ஒரு காரணம். செயலிக்கு மூச்சுவிட இடமில்லாததால் பாதுகாப்பு குறைந்தது. விக்ரம் 3201இன் பெருமையை நான் இந்த இடத்தில்தான் காண்கிறேன். 100 மெகாஹெர்ட்ஸ் வேகம், 64 பிட் மிதவைப்புள்ளிக் கணக்கு, ஏடா மொழிக்கான வசதி, அரை வாட்டுக்கும் குறைவான மின்செலவு. இவை கைப்பேசியோடு ஒப்பிட வேண்டிய எண்கள் அல்ல. காப்பைக் கழற்றாமலே கணக்கை முடிக்கத் தேவையான இடைவெளி அவை. முந்தைய 16 பிட் விக்ரம் 1601 ஏவூர்திகளில் 2009 முதல் பணியாற்றுகிறது. புதியதன் முதல் தொகுதி, 2024 டிசம்பர் 30இல் ஸ்பேடெக்ஸ் இரட்டைச் செயற்கைக்கோள்களைச் சுமந்த பி.எஸ்.எல்.வி.-சி60 பயணத்தில் சோதித்துப் பார்க்கப்பட்டது.

ஒரே ஊரில் மூன்று வழிகள் ஓடுகின்றன என்பதும் கவனத்துக்கு உரியது. விக்ரம் தன் சொந்தக் கட்டளைத் தொகுப்பைக் கொண்டது. அதற்கான ஏடா தொகுப்பி முதல் போலிச்செயலிவரை எல்லா மென்கருவிகளையும் இஸ்ரோவே எழுத வேண்டியிருந்தது. கல்பனா, ஸ்பார்க் வி8 என்ற திறந்த தரத்தைப் பின்பற்றுவதால் பொதுவெளியில் உள்ள கருவிகளைப் பயன்படுத்திக்கொள்ளும். மூன்றாவது வழி ரிஸ்க்-ஃபைவ். வட்டியூர்க்காவில் இயங்கும் இஸ்ரோவின் நிலைமத் தொகுதிகள் பிரிவு 64 பிட் ரிஸ்க்-ஃபைவ் கட்டுப்படுத்தி வேண்டும் என்று முன்மொழிய, சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி குழு அதைச் செய்து கொடுத்தது. ஐரிஸ் என்ற அந்தச் சில்லு 2025 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. மொஹாலியில் அச்சாகி, கர்நாடகத்தில் உறையிடப்பட்டு, குஜராத்தில் செய்த பலகையில் சென்னையில் பொருத்தப்பட்டு, ஐ.ஐ.டி.யில் உயிர்பெற்றது. ரிமோ, மௌஷிக் ஆகியவற்றுக்குப் பின் மொஹாலியில் அச்சான மூன்றாவது சக்தி சில்லு இது. இதே நகரத்தின் சி-டாக் மையம் வேகா என்ற பெயரில் ரிஸ்க்-ஃபைவ் செயலிக் குடும்பம் ஒன்றை வளர்த்திருக்கிறது. அதன் வேர், 1973இல் கே.பி.பி. நம்பியார் முன்னின்று தொடங்கிய கெல்ட்ரான் காலத்து மின்னணு ஆய்வு மையத்துக்குப் போகிறது. அதன் தேஜஸ்32 மலேசியாவின் சில்டெர்ராவில் அச்சானது. அடுத்த தேஜஸ்64 மொஹாலியில்.

சொந்தக் கட்டளைத் தொகுப்பு ஏன் என்று இன்று கேட்பது எளிது. 1998 பொக்ரான் சோதனைக்குப் பின் அமெரிக்கா வெளியிட்ட தடைப் பட்டியலில் விக்ரம் சாராபாய் மையத்தின் பெயர் இருந்தது. 2011 ஜனவரியில்தான் அது நீங்கியது. அந்தப் பின்னணியில் யார் அனுமதியும் வேண்டாத ஒரு செயலியை வைத்திருக்க நினைத்தது நியாயமான முடிவு. இனி வரும் தலைமுறைக்கு ரிஸ்க்-ஃபைவ் போதும் என்பது என் கருத்து. கட்டளைத் தொகுப்பு திறந்தது, கருவிகள் பொதுவானவை, சுற்று மட்டும் நமது.

மொஹாலி ஆய்வகம் இல்லையென்றால் மேலே சொன்ன பலவும் வரைபடமாகவே நின்றிருக்கும். 1984இல் 5 மைக்ரான் தொழில்நுட்பத்தில் உற்பத்தி தொடங்கியது. 1989 பிப்ரவரியில் தீப்பிடித்து எரிந்தது. மீண்டெழப் பல ஆண்டுகள் ஆயின. பின்னர் விண்வெளித் துறையின்கீழ் வந்து, இஸ்ரேலின் டவர் நிறுவனத் தொழில்நுட்பத்தோடு 8 அங்குல வட்டில் 180 நானோமீட்டர் வரிசையைப் பெற்றது. 2022இல் மின்னணுவியல் துறைக்கு மாறியது. தீயோடு சேர்ந்து போன ஆண்டுகளை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

நகரத்தின் தனியார் பக்கமும் விழித்திருக்கிறது. கேமராவுக்குள்ளேயே காட்சியைப் புரிந்துகொள்ளும் சில்லுகளை வடிவமைக்கும் நெட்ராசெமி என்ற திருவனந்தபுரத்து நிறுவனத்தில், சோஹோவும் யூனிகார்ன் இந்தியா வென்ச்சர்ஸும் 2025 ஜூலையில் 107 கோடி ரூபாய் முதலிட்டன. அந்தக் கேமராவின் கண்ணிலும் ஒளியை மின்னழுத்தமாக்கி எண்ணாக்கும் ஆயிரக்கணக்கான அனலாக் சுற்றுகள் இருக்கின்றன. அவை வேறெங்கோ செய்யப்பட்டு வருகின்றன.

அனலாக் வடிவமைப்பை ஆறு மாதப் பயிற்சியில் கற்றுக்கொள்ள முடியாது. ஒருவர் தம் சில்லு அச்சாகி வந்து, வேலை செய்யாமல் போய், ஏன் என்று அளவுக் கருவியோடு உட்கார்ந்து தேடி, இரண்டாம் முறை சரிசெய்ய வேண்டும். அந்த இரண்டாவது வாய்ப்பு நம் கல்லூரிகளில் ஏறக்குறைய யாருக்கும் கிடைத்ததில்லை. இப்போது மாணவர்கள் வரைந்த சில்லுகள் மொஹாலியில் அச்சாகி அவர்கள் கைக்கே திரும்பி வரத் தொடங்கியிருக்கின்றன. அவற்றில் எத்தனையில் ஒரு நல்ல பேண்ட்கேப் சுற்று இருக்கிறது, மைனஸ் 55லும் 125லும் அது எத்தனை மில்லிவோல்ட் நகர்கிறது என்று ஒவ்வொன்றாக அளந்து பார்க்க எனக்கு ஆசை.